பெட்டிக்கடைக் கார்

அந்தக் காரில் நான் முன்னால் பார்த்து உட்கார்ந்து போன நாள் குறைவு. உடம்பைத் திருப்பி, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பின்னால் படுத்திருக்கும் மகளின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவேன். ஏறி இறங்கும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் பார்ப்பேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் அப்போது என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. பருத்திக் காடு இருந்திருக்கும். உடைமரங்கள் இருந்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டையில் என் கணவர் குடும்பத்துக்குச் சேலை வியாபாரம். தறிக்காரர்களுக்கு நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி மதுரைக் கடைகளுக்கு அனுப்புவார்கள். டவுனில் இருந்த தறிகள் போக, திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் எங்களுக்கு நெய்கிறவர்கள் இருந்தார்கள். சரக்கு பஸ்ஸின் மேலே ஏறிப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு மழையில் சேலைக்கட்டு முழுவதும் நனைந்து சாயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அதன் பிறகுதான் அவர் விருதுநகருக்குப் போய், ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியின் வீட்டில் நின்றிருந்த பழைய சீமைக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார்.

நான் கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு தினசரியில் புரூஃப் பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை சேலைக்கு மாறியது. இழை விட்டுப்போன இடமும் கரையில் நிறம் பிசகிய இடமும் என் கண்ணில் முதலில் படும். அதனால் வாரம் ஒரு முறை சரக்கு எடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். நான் போனால் நாலு வயது மகளும் வருவாள்.

வாங்கிய கார் அப்படியே எங்களுக்கு உதவவில்லை. இரண்டே கதவு. பின்பக்கம் கூனல் விழுந்தது போல் இறங்கி, அதற்குள் ஒரு தகரப்பெட்டி அளவுக்கு டிக்கி. பாவு சுற்றிய உருளை அதில் எந்தப் பக்கமாகவும் நுழையாது. என் கணவர் மதுரை ரோட்டில் இருந்த டிங்கரிங் பட்டறையில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். பட்டறைக்காரர் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, பின்கண்ணாடியையும் டிக்கி மூடியையும் சேர்த்து ஒரே துண்டாக அறுத்து எடுத்தார். அதை மேல்பக்கம் கீல் வைத்துப் பொருத்தி, தூக்கித் திறக்கிற கதவாக ஆக்கினார். கதவை முட்டுக்கொடுத்து நிறுத்த ஒரு மூங்கில் கம்பு. பின்சீட்டு எங்கள் வீட்டு மச்சுக்குப் போனது. அது இருந்த இடத்தில் பலகை அடித்து, மேலே ஜமுக்காளம் விரித்தோம். லோடு ஏற்றும்போது புகைக்குழாய் கெண்டைக்காலில் சுடுகிறது என்று சொன்னதால், அதையும் ஒரு சாண் அறுத்து உள்ளே தள்ளி விட்டார்கள். கடைசியாக மாம்பழ மஞ்சளில் ஒரு பெயிண்ட்.

வண்டி எங்கள் தெருவுக்குள் வந்த அன்றே அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள். கதவு மேலே தூக்கி, கம்பு முட்டுக்கொடுத்து நிற்பதைப் பார்த்தால் பெட்டிக்கடை திறந்திருப்பது போலவே இருக்கும். நெசவாளர் தெருவில் நிறுத்தினால் யாராவது வந்து குனிந்து எட்டிப் பார்த்து, வெற்றிலை இருக்கிறதா, சொக்கலால் பீடி இருக்கிறதா என்று கேட்பார்கள். என் கணவரும் முகத்தை மாற்றாமல், இன்னைக்குக் கடனுக்குக் கிடையாது என்பார். அவருக்கு அந்தப் பேரில் பெருமைதான். தன் கையாலேயே அதைத் துடைத்துப் பூட்டுவார். அந்தக் காரை யாராவது குறை சொன்னால் தன் பிள்ளையைச் சொன்ன மாதிரி எடுத்துக்கொள்வார்.

அதோடு நாங்கள் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். வண்டிக்கு செல்ஃப் எடுக்காது. முன்னால் இரும்புக் கம்பியை விட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும், அதுவும் சூட்டில் கிளம்பாது. அதனால் ஒரு தடவை கிளப்பிவிட்டால் வழியில் எங்கே நின்றாலும் இன்ஜினை நிறுத்த மாட்டார். பாவு உருளையின் நுனி பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே கட்டலாமே என்றால், வெயில் பட்டுப் பாவில் போட்ட கஞ்சி முறுகினால் இழை அறுந்துபோகும் என்பார். ஆகவே பின்கதவு உருளையின் மேல் பாதி மூடி உட்கார்ந்திருக்கும், கயிற்றால் கட்டியிருக்கும். திரும்பி வரும்போது வெறும் உருளைகள், அப்போதும் அதே கதைதான். புழுதி சேலையில் படியக் கூடாது என்று பக்கத்துக் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிடுவோம். முன்னால் மூடியது, பின்னால் திறந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் போய் வந்தோம்.

மகளுக்கு முதலில் வாந்தி வந்தபோது யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கார் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். போகப்போக வீட்டுக்கு வந்த பிறகும் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்காருவாள். சாப்பிடக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிட்டது போல் பார்ப்பாள். சில நாள் எழுப்புவதற்கே நேரமாகும். எனக்கும் அந்த நாட்களில் நெற்றிப்பொட்டில் இடிக்கும். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவரின் அக்கா அதே தெருவில் இருந்தார்கள். நான் மதினி என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் அவர்கள் வாயில் விழுந்துதான் வெளியே வரும். உப்பும் வரமிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, நெடியே வரவில்லை என்று எனக்குக் காட்டினார்கள். பிள்ளை எங்கேயோ பயந்திருக்கிறது என்று முடிவானது. எங்கே என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். திருச்சுழி ரோட்டில், ஓடைப் பாலத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கருப்பசாமி இருக்கிறார். புது வண்டி வாங்கி இத்தனை நாளாக அவரைக் கும்பிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அன்று முதல் போகும்போதும் வரும்போதும் அங்கே நின்று சூடம் ஏற்றி, தேங்காய் விடலை போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உத்தரவு.

நாங்கள் நின்றோம். வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, என் கணவர் மட்டும் இறங்கிப் போவார். காற்றில் சூடம் பற்ற நேரமாகும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். நானும் மகளும் உள்ளே இருப்போம்.

மகளுக்கு மேலும் கூடியது.

அந்தக் கார்த்திகை மாதத்தில்தான் எனக்குப் பயம் ஓர் உருவத்துக்கு வந்தது. ஒரு வாரம் பாவும் இல்லை, உருளையும் இல்லை. மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போனோம். பின்கதவு மூடியிருந்தது. திருச்சுழியை விட மூன்று மடங்கு தூரம், மகள் வழி முழுவதும் பாடிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் லோடோடு போனோம், வாந்தி. அதற்கடுத்த வாரம் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம், அன்று அவளுக்கு ஒன்றுமில்லை, எனக்குத் தலைவலி. இதையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது பழைய வேலையில் படித்த ஒரு துணுக்குச் செய்தி நினைவுக்கு வந்தது. மலை ஊர் ஒன்றில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய குடும்பம் காலையில் எழுந்திருக்கவில்லை. பக்கத்தின் அடியில் இடம் நிரப்பப் போட்ட நாலைந்து வரி. அதில் எனக்குத் திருத்த ஒரு பிழையும் இருக்கவில்லை, அதனால் அப்போது வேகமாகக் கடந்து போயிருந்தேன்.

என் கணவரிடம் சொன்னேன். புகை பின்கதவு வழியாக உள்ளே வருகிறது என்று நினைக்கிறேன், பிள்ளை அதைத்தான் குடித்துக்கொண்டு வருகிறாள் என்றேன். அவர் சிரித்தார். வண்டி முன்னால் போகிறது, புகை பின்னால் போகிறது, அது எப்படித் துரத்தி வந்து உள்ளே ஏறும் என்று கேட்டார். மதினி திண்டில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேப்பர்ல பிழை பாத்தா, சேலையில பிழை பாத்தா. இப்ப கார்லயும் பாக்க ஆரம்பிச்சிட்டா. அடுத்து நாமதான் தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் கொஞ்சம் சிரித்தேன். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை. மகளை வீட்டில் விட்டுப் போகலாம் என்றால், பிள்ளைக்காகத்தானே சாமியிடம் நிற்கிறோம், அவளைக் கூட்டிப் போகாமல் இருப்பதா என்றார்கள். நான் செய்ய முடிந்ததெல்லாம் திரும்பி உட்கார்ந்து அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டு போவதுதான். தூங்கினால் எழுப்புவேன். எழுப்பினால் அழுவாள். அழுதால், பிள்ளையைத் தூங்கவிடேன் என்று அவர் சொல்வார்.

மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம், திருச்சுழியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பின்கதவு ஓரமாக வைக்கும் சேலைக்கட்டுகளை அவர் கெட்டித் துணியால் இரட்டையாகச் சுற்றி, முனைகளை ஊசி போட்டுத் தைத்திருந்தார். முன்னெல்லாம் அப்படிச் சுற்றுவதில்லை. ஏன் என்று கேட்டேன். மதுரைக் கடைக்காரர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார், மடிப்பு ஓரமெல்லாம் கரி பிடிச்சு பெட்ரோல் வாடை அடிக்குதாம் என்றார். சொல்லிக்கொண்டே கயிற்றை இழுத்துக் கட்டினார். மகள் அந்தக் கட்டுகளின் மேல் ஏறி, பழக்கமான இடத்தில் படுத்துக்கொண்டாள்.

சேலையில கரி படியுதுன்னா பிள்ளை மேல என்ன படியுது என்று கேட்டேன். அதற்குள் அவர் முன்பக்கம் போய்க் கம்பியைச் சுற்ற ஆரம்பித்திருந்தார்.

வாடைக்காற்று பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே போகிற வண்டிக்கு அது முதுகுக் காற்று. மகள் தூங்கிவிட்டாள். முதலில் ஒரு தரம் எழுப்பினேன், முனகினாள். புளியமரத்தடியில் வண்டி நின்றது. அவர் தேங்காயை எடுத்துக்கொண்டு இறங்கினார். காற்றுக்குச் சூடம் பற்றவில்லை. ஒவ்வொரு தீக்குச்சியாக அணைவது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் திரும்பி மகளைக் கூப்பிட்டேன். காலைப் பிடித்து ஆட்டினேன். கால் ஆடியது, அவள் ஆடவில்லை. கன்னத்தைத் தட்டினேன். உதடு நன்றாகச் சிவந்திருந்தது. வெற்றிலை போட்ட பெரியவர்கள் உதடு போல. என் மகளுக்கு அப்படி ஒரு நிறம் நான் பார்த்ததே இல்லை.

எப்படி அவளை முன்சீட்டுக்கு மேலாக இழுத்தேன், எப்படிக் கதவைத் திறந்தேன் என்பதெல்லாம் நினைவில்லை. இறங்கியதும் எனக்கே கால் மடங்கியது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு காரை விட்டு விலகி, காற்று வரும் பக்கமாகக் கரிசல் காட்டுக்குள் ஓடினேன். பருத்திச் செடிகள் சேலையைப் பிடித்தன. ஓர் இடத்தில் உட்கார்ந்து அவளை மடியில் மல்லாத்திப் போட்டேன். மூச்சு இருந்தது. மேலோட்டமாக, இடைவெளி விட்டு இருந்தது. அடுத்தது வருமா என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் கையில் திருநீறோடு ஓடி வந்தார். குனிந்து அவள் நெற்றியில் பூசினார், அவசரத்தில் கண்ணிலும் விழுந்தது. பிறகு என் தோளைப் பிடித்துத் தூக்கினார். டாக்டரிடம் போக வேண்டும், வண்டியில் ஏறு என்றார்.

"அதுக்குள்ள இவளை வைக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தது தெரிந்தது. இங்கே வேறு என்ன வண்டி இருக்கு, பஸ் எப்ப வருமோ, இப்படியே உட்கார்ந்திருந்தால் பிள்ளை போயிரும் என்றார். அவர் சொன்னதும் சரிதான். டாக்டர் டவுனில் இருந்தார், எங்களை அங்கே கொண்டுசேர்க்க அந்த ரோட்டில் இருந்தது அந்த மஞ்சள் பெட்டி ஒன்றுதான். அது காட்டோரத்தில் நடுங்கியபடி ஓடிக்கொண்டிருந்தது. ஏறினாலும் பயம், ஏறாவிட்டாலும் பயம். என் வாழ்க்கையில் அதைப் போல ஓர் இடத்தில் நான் அதற்கு முன்னும் நிற்கவில்லை, பின்னும் நிற்கவில்லை.

"கதவை மூடுங்க," என்றேன். "மூடுனாத்தான் ஏறுவேன். உருளை இருந்தா மூடாது."

அவர் திரும்பி ஓடினார். கயிற்றை அவிழ்க்கவில்லை, அறுத்தார். உருளைகளை ஒவ்வொன்றாக உருவிப் புளியமரத்தடியில் எறிந்தார். இழையில் தூசி விழக் கூடாது என்று அத்தனை பாடுபட்டவர், சேலைக்கட்டுகளையும் இழுத்து அதே புழுதியில் தள்ளினார். பின்கதவை இறக்கி அறைந்து மூடினார். இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் அடி வரைக்கும் இறக்கினார்.

"இப்ப ஏறு தாயி," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மகளின் முகத்தை ஜன்னலுக்கு வெளியே காற்றில் நீட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். அவர் ஓட்டிய வேகத்தில் கார் துண்டு துண்டாகக் கழன்றுவிடும் போலிருந்தது. டவுன் நெருங்கும்போது அவள் என் மடியில் வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். சத்தமாக, கோபமாக அழுதாள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, அழு, நல்லா அழு என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் அவள் கண்ணை விரித்துப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், என் உதட்டையும் பார்த்தார். வீட்டில் கரி அடுப்பு வைத்து மூடிய அறையில் படுத்தீர்களா என்று கேட்டார். நான் கார் என்றேன். பின்கதவைப் பாதி திறந்து கட்டி ஓட்டுவதைச் சொன்னேன். அவர் வாசலுக்கு வந்து, குனிந்து அறுத்த குழாயைப் பார்த்தார். ஓடுகிற வண்டியின் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று உள்ளே இழுக்கும், அதோடு கண்ணாடியையும் மூடினால் வெளியே போக வழியே இல்லை என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். என் கணவர் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த திருநீறைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினிக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் தோற்றுப்போகவில்லை. "கருப்பன் அங்க நிப்பாட்டப் போய்த்தானே உனக்குத் தெரிஞ்சுது. நிக்காம வந்திருந்தா வீட்ல வந்துல்ல பாத்திருப்ப," என்றார்கள். ஆனால் அன்று முழுவதும் மதினி மகளைத் தன் மடியை விட்டு இறக்கவில்லை. மறுநாள் சேலைகளை எடுக்கப் போனபோது எல்லாம் அப்படியே கிடந்தன. ஆடுகள் மட்டும் கட்டுகளின் மேல் ஏறி நின்று மரத்தை மேய்ந்திருந்தன.

காரை விற்றுவிடச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோனார். குழாயை நீளமாக்கிப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார்கள். லாரி டியூபை வார் வாராக வெட்டி, பின்கதவின் விளிம்பு முழுவதும் ஒட்டினார்கள். உருளைகள் பழையபடி பஸ்ஸுக்குப் போயின. எல்லாம் முடிந்ததும் வீட்டு வாசலில் நிறுத்தி, பட்டறைக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டு, இவர் பின்பக்கம் ஏறினார்.

"பிள்ளை படுத்த இடத்துல நான் படுத்துக்கிட்டுப் போய்ட்டு வாரேன். அதுக்குப் பெறகு நீ சொல்லு."

வேண்டாம் என்றேன். கண்ணாடியை மூடச் சொல்லி, பின்கதவையும் சாத்தச் சொன்னார். வண்டி தெரு முனையில் திரும்பியது. மகளுக்காகப் பயந்ததெல்லாம் இப்போது இடம் மாறி அவர் பேரில் போய் உட்கார்ந்தது. வேலை எதுவும் ஓடவில்லை. மதினி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். கேலி ஒன்றும் வரவில்லை. தூரத்தில் எந்த இன்ஜின் சத்தம் கேட்டாலும் ரெண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினோம்.

வண்டி வந்தது. பட்டறைக்காரர் இறங்கி, பின்னால் போய்க் கதவைத் தூக்கி முட்டுக்கொடுத்தார். என் கணவர் ஜமுக்காளத்தின் மேல் காலை மடக்கி, கன்னத்துக்குக் கையை வைத்துப் படுத்திருந்தார். அசையவில்லை. நான் பார்த்தது வயிற்றைத்தான். பழகிப்போன பார்வை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெயிலிலிருந்து நிழலுக்குள் பார்க்கிறவளுக்குத் தெரியாது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு, "ஏலே தம்பி" என்றார்கள்.

அவர் கண்ணைத் திறந்தார். "வந்தாச்சா," என்றார். சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கிப்போனாராம்.

மதினி அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தன் வீட்டுக்குப் போனார்கள். நான் அவரை இறங்கச் சொன்னேன். நடக்கச் சொன்னேன். தலை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். வாந்தி வருகிறதா என்றேன். இல்லை என்றார். நாக்கை நீட்டச் சொன்னேன், நடுத்தெருவில் நின்று நீட்டினார். உதடு எப்போதும் இருக்கிற கறுப்பிலேயே இருந்தது. பட்டறைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கார் எங்களிடம் இன்னும் சில வருஷம் ஓடியது. பாதுகாப்பானதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. மகளை என் மடியை விட்டுப் பின்னால் உட்கார விட்டபோது அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். வழி முழுவதும் அவளிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே வருவேன். டீச்சர் என்ன சேலை கட்டியிருந்தார்கள், பக்கத்தில் உட்காருகிறவள் என்ன கொண்டுவந்தாள், ஏழாம் வாய்ப்பாடு எங்கே நிற்கிறது. அவள் முதலில் ஆசையாகச் சொல்வாள், பிறகு சலித்துக்கொள்வாள், எத்தனை தடவைதான் கேட்பாய் என்று சண்டைக்கு வருவாள். சண்டை போடுகிறவரைக்கும் எனக்கு நிம்மதி. அவள் பேசாமல் ஆகிவிட்டால் அவர் வண்டியின் வேகத்தைக் குறைப்பார். கண்ணாடியை நான் இறக்கியிருப்பேன். அப்படியும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம்.